பளிச்சென்று வெளிச்சம்… முகத்தைத்தான் காணோம்!

(இரண்டாமாண்டு மாணவி, மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல்)



ஆண்டு மலர் என்றால் கவிதை வரும். நட்பைப் பற்றிக் கட்டுரை வரும். விடைபெறும் மூன்றாமாண்டு அண்ணன்களின் கண்ணீர் நாலு பக்கத்துக்கு வரும். நான் எழுத வந்திருப்பதோ ரொம்பச் சாதாரண விஷயம். கேமராவோடு ஒட்டிப் பிறந்த அந்தச் சின்ன ஃபிளாஷை வைத்து வீட்டுக்குள் நாம் எடுக்கிற குடும்பப் படங்கள் ஏன் இப்படிக் கெட்டுப் போகின்றன? அதைச் சரிசெய்ய முடியுமா? "இதெல்லாம் ஒரு தலைப்பாடி?" என்று மலர்க் குழுவில் இருக்கும் என் தோழியே கேட்டாள். "முழுசாப் படிச்சிட்டுச் சொல்லு" என்றேன். உங்களிடமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆச்சிக்கு ஒரு படம் இல்லை

எங்கள் ஆச்சி வீடு சிந்துபூந்துறைப் பக்கம். தெருவைத் தாண்டினால் தாமிரபரணி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாராவது மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர், வண்ணார்பேட்டையில் தண்ணீர், ஆச்சி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். அரிசி போயிருந்தது. துணிமணி போயிருந்தது. பத்தமடைப் பாய் சேற்றில் கிடந்தது. ஆச்சி எதற்கும் கலங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தபோதுதான் உட்கார்ந்து அழுதாள். அதற்குள் ஆல்பம் இருந்தது. படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நாங்கள் அவசரப்பட்டுப் பிரித்தோம். அதுதான் தப்பு. போட்டோத் தாளின் மேல் இருப்பது ஜெலட்டின் படலம். நனைந்தால் ஊறி இளகிவிடும், இழுத்தால் உரிந்து வந்துவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மெதுவாகப் பிரித்து, படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் காயப் போட்டிருக்க வேண்டும். இது எங்களுக்குத் தெரியாது. தாத்தாவின் முகம் அத்தையின் கல்யாணப் படத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது.

மறு வருடம் ஐப்பசியில் ஆச்சி போய்விட்டாள். பதினாறாம் நாளுக்குள் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமே! வீடு முழுக்கத் தேடியதில் கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்த வைகாசியில் மாமா மகளுக்குக் காது குத்தியபோது, துபாயிலிருந்து வந்திருந்த சித்தப்பா தன்னுடைய பழைய கையடக்க டிஜிட்டல் கேமராவில் ராத்திரி நேரத்தில் எடுத்தது.

அந்தப் படத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறார்கள். பின்வரிசையில் மாமாவும் அத்தையும் பாதி இருட்டில் நிற்கிறார்கள். ஓரத்தில் ஆச்சி. மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் வெள்ளைப் புள்ளி. இன்னொரு பக்கம் சிவந்த கண். நெற்றியில் எண்ணெய் வழிகிற மினுமினுப்பு. தலைக்குப் பின்னால் சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல்.

அதைத்தான் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். அவர்கள் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். கண்ணை மாற்றிவிட்டார்கள். சுருக்கங்களைத் தேய்த்து, நிறத்தைச் சிவப்பாக்கி, யாருடையதோ ஒரு பட்டுச்சேலையையும் உடுத்திவிட்டார்கள். அம்மா சட்டத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இது யாரு?" என்று கேட்டாள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கும் அந்தப் படத்துக்குத்தான் எங்கள் வீட்டில் மாலை போடுகிறோம்.

நண்பர்களே, அன்றைக்கு நான் ஒன்றை முடிவுசெய்தேன். என் வீட்டில் இனி யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது. சித்தப்பாவிடம் அந்தக் கேமராவையே கேட்டு வாங்கிக்கொண்டேன். படம் ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. அத்தனையும் நாம் ஏற்கெனவே படித்த பாடங்கள்!

வீட்டுக்குள் வந்த வெளிச்சம்

ஆச்சியின் பழைய ஆல்பத்தில் இருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. எல்லாம் வாசலில், வேப்பமரத்தடியில், கோயில் மண்டபத்தில் எடுத்தவை. அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. நம் ஊட்டியிலேயே 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. இன்று அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. ஃபிலிமை வீணாக்கப் பயந்து ஆட்களை வெளியே வெளிச்சத்தில் நிறுத்தினார்கள். அதனால்தான் அந்த முகங்கள் நன்றாக இருந்தன.

இருட்டு அறைக்குள் படம் எடுக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1887இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த ஃபிளாஷ் பொடியைக் கண்டுபிடித்தார்கள். கொளுத்தினால் 'புஸ்'ஸென்று வெளிச்சமும் புகையும் வரும். ஜேக்கப் ரிஸ் என்ற பத்திரிகைக்காரர் அந்தப் பொடியோடு நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் ராத்திரியில் நுழைந்து படம் எடுத்து, 1890இல் புத்தகமாகப் போட்டார். ஏழைகள் வாழும் இருட்டு அறைகளை வசதியானவர்கள் கண்ணால் பார்த்தது அப்போதுதான். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் படங்கள் சிலவற்றில் இருப்பவர்கள் திடுக்கிட்டு விழித்த கண்ணோடு இருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் காதுகுத்துப் படம்தான் ஞாபகம் வந்தது.

1931இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்டன் வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சிக் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் வெளிச்சத்தை உண்டாக்கிக் காட்டினார். 1975இல் ஜப்பானின் கோனிகா, ஃபிளாஷ் உள்ளேயே அமைந்த சிறிய கேமரா ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1980களில் ஹாட் ஷாட், பிறகு யாஷிகா, கோடக் என்று வந்த சின்னக் கேமராக்கள் வீட்டுக்குள் நுழைந்தன. வாசலில் நின்ற நம் ஆட்கள் உள்ளே வந்தார்கள். வசதி வந்தது; முகம் போனது!

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

நம் துறைக்காரர்களுக்கு இது லேப் பாடம். கேமராவின் மின்கலம் தருவது மூன்று, நான்கு வோல்ட்தான். ஓர் ஆஸிலேட்டரும் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மரும் அதை ஏறக்குறைய 300 வோல்ட்டாக ஏற்றிக் கெப்பாசிட்டரில் நிரப்புகின்றன. 'கீ…' என்று மெல்லிசாகக் கேட்குமே, அது கெப்பாசிட்டர் நிரம்பும் சத்தம். பொத்தானை அமுக்கியதும் சில ஆயிரம் வோல்ட் தூண்டுதலில் செனான் குழாய் பற்றிக்கொள்ள, சேர்த்துவைத்த அத்தனை சக்தியும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் வெளிச்சமாகக் கொட்டிவிடுகிறது.

கணக்குப் போடுவோமா? 100 மைக்ரோ ஃபாரட், 300 வோல்ட். கெப்பாசிட்டரில் உள்ள ஆற்றல் பாதி பெருக்கல் C பெருக்கல் V ஸ்கொயர். விடை 4.5 ஜூல். இவ்வளவுதான் அதன் பலம்! இதை வைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசை வரை வெளிச்சம் போட நினைக்கிறோம். (ஒரு எச்சரிக்கை: ஆர்வக்கோளாறில் யாரும் பழைய கேமராவைத் திறந்துவிடாதீர்கள். மின்கலத்தை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். தூக்கி அடித்துவிடும்.)

இன்று நாம் கையில் வைத்திருக்கும் செல்போனில் செனான் குழாய் இல்லை, எல்.இ.டி.தான். அதற்கு இத்தனை வோல்ட்டும் வேண்டாம், கெப்பாசிட்டரும் வேண்டாம். ஆனால் வெளிச்சம் இன்னும் குறைவு, எரியும் நேரம் அதிகம். அதனால்தான் ஓடுகிற குழந்தை கலங்கலாக விழுகிறது. மற்றபடி இரண்டுக்கும் குற்றங்கள் ஒன்றுதான். வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஐந்து குற்றங்கள், ஐந்து வைத்தியங்கள்

ஒன்று: முன்னால் வெள்ளை, பின்னால் இருட்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால்பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. எதிர்விகித வர்க்க விதி! ஒரு மீட்டரில் குழந்தையும் மூன்று மீட்டரில் ஆச்சியும் இருந்தால் இருவருக்கும் சேர்த்து எந்தக் கேமராவாலும் நியாயம் செய்ய முடியாது. ஆகவே வரிசை வரிசையாக நிறுத்தாதீர்கள். கேமராவைச் சுற்றிப் பிறை வடிவில் உட்கார வையுங்கள். எல்லாருக்கும் ஒரே தூரம், எல்லாருக்கும் ஒரே வெளிச்சம். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நல்ல தூரம். அதைவிடக் கிட்டே போனால் மூக்கு பெரிசாகத் தெரியும். ஜூமை இழுக்காதீர்கள், சின்னக் கேமராக்களில் ஜூம் இழுத்தால் லென்ஸின் திறப்பு சுருங்கி ஃபிளாஷ் எட்டும் தூரம் குறையும். கைடு நம்பர் 10 என்றால் f/2.8இல் மூன்றரை மீட்டர் எட்டும், f/5.6இல் இரண்டு மீட்டர்கூட எட்டாது.

இரண்டு: சிவந்த கண். இருட்டில் கண்மணி விரிந்திருக்கும். லென்ஸுக்கு ஒட்டியே இருக்கும் ஃபிளாஷின் வெளிச்சம் நேரே உள்ளே போய், விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக் குழாய்களில் பட்டு அதே வழியில் திரும்பி வருகிறது. அந்தச் சிவப்புதான் இது. பேய் பிசாசு ஒன்றுமில்லை! அறையில் உள்ள எல்லா விளக்குகளையும் போடுங்கள், கண்மணி சுருங்கும். லென்ஸை முறைத்துப் பார்க்க வேண்டாம், என் தோளைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மூன்று: கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி. மூக்குக் கண்ணாடி, பீரோக் கண்ணாடி, சாமி படச் சட்டம், எவர்சில்வர் பாத்திர அடுக்கு எல்லாம் நமக்கு எதிரிகள். படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இங்கே வேலைக்கு வருகிறது. நேராக நிற்காமல் கொஞ்சம் சாய்வாக நின்று எடுத்தால் வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும். கண்ணாடி போட்டவரைத் தாடையை இரண்டு விரல் அளவு தாழ்த்தச் சொன்னாலும் போதும்.

நான்கு: சுவரில் பேய் நிழல். நம் வீடுகளில் படம் என்றாலே சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறோம். மூன்று நான்கு அடி முன்னால் வரச் சொல்லுங்கள். நிழல் கீழே இறங்கி, மங்கி, படத்தைவிட்டே போய்விடும். இடம் ஏது என்கிறீர்களா? கட்டிலைக் கொஞ்சம் நகர்த்துங்கள்!

ஐந்து: எண்ணெய் வழியும் முகம். சின்ன இடத்திலிருந்து வரும் வெளிச்சம் கூர்மையாக விழும்; பெரிய இடத்திலிருந்து வந்தால் மெதுவாக விழும். முதலில் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளை டிஷ்யூத் தாளை ஒற்றை மடிப்பாகப் பிடியுங்கள். வெளிச்சம் குறையும், ஆனால் இதமாகும். இன்னொரு வழி, பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தை ஃபிளாஷுக்கு முன்னால் 45 டிகிரி சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தைக் கூரைக்கு அனுப்புவது. வெள்ளையடித்த தாழ்வான கான்கிரீட் கூரை என்றால் அங்கே பட்டு மழைபோல் இறங்கும். ஐ.எஸ்.ஓ.வை 800க்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டு வீட்டில் இது நடக்காது. பச்சைச் சுவரில் அடித்தாலும் ஆபத்துதான், முகமெல்லாம் பச்சையாகிவிடும். எங்கள் வீட்டில் அப்பாவை ஒரு நாள் அப்படிப் பச்சை மனிதராக்கி வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

கறுப்பு ஒரு குற்றமா?

ஆச்சியைப் படம் எடுக்கக் கூப்பிட்டால் ஓடுவாள். "என்னைய எதுக்குப் புடிக்க? கருவாடு மாதிரி இருக்கேன். புள்ளைகளப் புடி" என்பாள். அம்மாவும் படம் என்றால் முதலில் தேடுவது பவுடர் டப்பாவைத்தான். நம்மில் எத்தனை பேர் வீட்டுப் படத்தைப் பார்த்து "நான் கறுப்பு, அதான் படம் நல்லா வரல" என்று சொல்லியிருக்கிறோம்? நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி இல்லாத கேமராவுக்கு யார் மனிதர், எது சுவர் என்று தெரியாது. வரும் வெளிச்சம் முழுவதையும் சராசரி ஆக்கிச் சாம்பல் நிறமாகக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் கறுத்த மனிதர் ஒருவர் நின்றால், "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!" என்று நினைத்து அளவைக் குறைத்துவிடும். முகம் இருண்டுபோகும். குற்றம் முகத்தில் இல்லை, சராசரியில்!

இன்னொரு செய்தியும் படித்தேன். கலர்ப் படம் கழுவும் லேப்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க கோடக் நிறுவனம் 1950களிலிருந்து அளவுகோல் படம் ஒன்றை அனுப்பிவந்தது. 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவருடைய தோல் சரியாகத் தெரிந்தால் படம் சரி என்று அர்த்தம். பல நிறத்துப் பெண்களும் சேர்ந்திருக்கும் கார்டு 1990களில்தான் வந்தது. அதாவது, எங்கள் ஆச்சி வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் அவளுடைய நிறம் அந்த அளவுகோலிலேயே இல்லை! இப்போது செல்போனில் 'பியூட்டி' என்ற பெயரில் கேட்காமலே முகத்தை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிறார்கள். அந்த வசதியை முதலில் அணைத்து வையுங்கள் நண்பர்களே. ஆச்சியின் சுருக்கங்களைத் தேய்த்த அந்த ஸ்டுடியோ இப்போது நம் எல்லாருடைய பாக்கெட்டிலும் இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரிந்த வெளிச்சம்

எங்கள் வீடு பேட்டையில். அப்பாவுக்கு நயினார்குளம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. ஐந்தாவது வரை படித்திருக்கிறார். அம்மா பீடி சுற்றுகிறாள். இந்தக் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

கேமராவை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குள் இங்கும் அங்கும் ஃபிளாஷ் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணி காலை ஒன்பது இருக்கும். அம்மா வழக்கம்போல நிலைப்படிக்கு உள்பக்கம், மடியில் சொளகோடு உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஏட்டி, வெளிச்சத்த மறைக்காத. தள்ளிப் போ."

"உள்ள லைட்டப் போட்டுட்டு ஃபேனுக்குக் கீழ உக்காரேம்மா."

"இங்கன உக்காந்தாத்தான் நூலு தெரியும். மேல இருந்து லைட்டு அடிச்சா கை நெழல் எலை மேலயே விழுது. ஃபேனு போட்டா தூளு பறக்கும். இருவது வருசமா உக்காருத எடம், எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சுரீரென்றது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்பதை இத்தனை நாளாக நான் ராத்திரி கண் விழித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அம்மா அதை வைத்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறாள்!

ஃபிளாஷை அணைத்தேன். அம்மாவின் ஒரு பக்கக் கன்னத்தில் வாசல் வெளிச்சம் விழுந்தது, மறுபக்கம் இருட்டு. தம்பியைக் கூப்பிட்டு, கொடியில் காய்ந்த அப்பாவின் வெள்ளை வேட்டியை இருட்டுப் பக்கத்தில் விரித்துப் பிடிக்கச் சொன்னேன். வேட்டியில் பட்ட வெளிச்சம் திரும்பி அந்தக் கன்னத்திலும் விழுந்தது. கண்ணில் ஒரு சின்னப் பொட்டு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக மட்டும், டிஷ்யூத் தாளை வைத்து ஃபிளாஷைக் குறைந்த அளவில் ஒரு முறை அடித்தேன். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நிமிரும்மா" என்றேன். "இந்தக் கட்டு முடியட்டும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் படம்.

ஆக, ஃபிளாஷ் நம் எதிரி அல்ல. அதை முதலாளி ஆக்கியதுதான் நம் தவறு. வாசல் வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் முதலில் வேலை செய்யட்டும்; அவை எட்டாத இடத்தில் மட்டும் ஃபிளாஷ் கைகொடுக்கட்டும். ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் நின்று முகம் இருண்டால் அங்கே ஃபிளாஷ் போடுங்கள். ராத்திரியில் குழந்தை நடை பழகினால் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லா நேரமும் அடிக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

"அதான் போனே எல்லாம் பண்ணுதே!"

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு நண்பன் சொன்னான்: "இப்ப வார போன்ல நைட் மோடு இருக்கு. அதுவே எல்லாம் பாத்துக்கும். நீ என்ன பழைய காலத்துக் கதை பேசுத?" நியாயமான கேள்வி. ஆனால் நைட் மோடு பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அதற்கு மனிதர் அசையாமல் இருக்க வேண்டும். நம் வீட்டுக் குழந்தை இருக்குமா? கைநடுக்கம் உள்ள தாத்தா இருப்பாரா? அதோடு, அந்த மாதிரி போன் நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது?

இன்னொருத்தி, "ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போகலாமே" என்றாள். என் அப்பாவை நான் கூப்பிட்டேன். விடியும் முன்னே மார்க்கெட்டுக்குப் போய், மத்தியானம் திரும்பி வந்து சாயும் மனிதர். "எனக்கு என்ன கல்யாணமா?" என்றார். அம்மா கடைசியாக ஸ்டுடியோவில் உட்கார்ந்தது பீடித் தொழிலாளர் அடையாள அட்டைக்காக. அதிலும் அவள் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்கிற இடம் வீடுதான். அதனால் கேமராவும் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

மூன்றாவது தடை கொஞ்சம் கஷ்டமானது. அம்மாவின் படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் அடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் வரும் ஆயிரம் ரூபாயிலிருந்துதான் செலவு. அப்பா பார்த்தார். முகம் மாறிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா செவத்துல மாட்டாத. மாலை போட்ட மாதிரி இருக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு யோசித்தேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. நம் வீடுகளில் தனி ஆளாய்ச் சட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் இறந்தவர்கள்தானே? உயிரோடு இருப்பவருக்கு நல்ல படம் ஒன்று எடுக்கும் பழக்கமே நமக்கு இல்லை. இறந்த பிறகுதான் தேடுகிறோம். தேடினால் காதுகுத்துப் படம்தான் கிடைக்கிறது.

அந்தச் சட்டத்தை அம்மா பீரோவுக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். பக்கத்து வீட்டு அத்தை வந்தால், பேச்சு வாக்கில் பீரோவைத் திறந்து அதை எடுத்துக் காட்டுகிறாள். "எம்மவ எடுத்தது" என்கிறாள். பவுடர் போடாத முகம் அது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே, இந்தக் கட்டுரையை வெறும் படம் எடுக்கும் குறிப்பாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டின் முதல் படிப்பாளிகள். அப்பா அம்மாவின் கூலியில் வந்த படிப்பு இது. கெப்பாசிட்டரும் எதிர்விகித வர்க்க விதியும் மீள்கோணமும் தேர்வுத் தாளோடு முடிந்துபோனால் என்ன பிரயோஜனம்? அந்தப் படிப்பால் முதலில் அவர்கள் முகம் கொஞ்சம் தெளிவாகத் தெரியட்டுமே!

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில், தங்கள் வீட்டாரின் படம் ஒன்று, அவர்கள் சம்மதத்தோடு எடுத்துவரட்டும். போன் போதும், விலை உயர்ந்த கேமரா வேண்டாம். பேரவை நிதியில் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு விழா அன்று அரங்கில் வைப்போம். மூட்டை தூக்குபவர், பீடி சுற்றுபவர், வயலில் நிற்பவர், பாய் முடைபவர் எல்லாரும் நம் அரங்கில் சிரிக்கட்டும். விழா முடிந்ததும் அவரவர் படத்தை அவரவர் வீட்டுக்கே கொடுத்தனுப்புவோம்.

கடைசியாக ஒன்று. எடுத்த படத்தைப் போனிலேயே விட்டுவிடாதீர்கள். ஒரு பிரிண்ட் வீட்டில், ஒரு பிரிண்ட் உயரமான இடத்தில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில், ஒரு நகல் வேறெங்காவது. தாமிரபரணி நமக்குத் தாய்தான். ஆனாலும் அவள் எப்போது வீட்டுக்குள் வருவாள் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். தெரியவில்லையா? அம்மாவிடம் கேளுங்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும்.